மயிரிழையில் தொலைந்த 4

போன மாதம் என் தங்கை பேரன் புது ஃபிளாட்டின் கிரகப்பிரவேசப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தான். சந்தன நிற அட்டை, தங்க நிற மை, முழுக்க ஆங்கிலம். 'பிளாக் 1' என்று படித்துக்கொண்டு நானும் என் மனைவியும் போய் மூன்று மாடி ஏறினோம். லிஃப்ட் ஓடவில்லை. அவளுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. மேலே போனால் பூட்டிய கதவு. விசாரித்தால், விசேஷம் பிளாக் 4-இல்! அங்கே லிஃப்ட் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அந்த 4-இல் நிற்கும் கால் மட்டும் தடிப்பு. சாய்கோடும் குறுக்குக்கோடும் மயிரிழை. தங்க மையில் அவை இரண்டும் மறைந்து, ஒற்றைக் கால் 1 ஆகிவிட்டது.

பேரனிடம் சொன்னேன். "அது போடோனி ஃபான்ட் தாத்தா, பிரீமியம் லுக்" என்றான். முப்பத்தைந்து வருஷம் ஈய எழுத்து கோத்த என்னிடம்!

போடோனி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. 1768-இல் இத்தாலியின் பார்மா நகரில் பிரபுவின் அச்சகத்தை நடத்த வந்த மகா கலைஞர் அவர். பாரிஸில் டிடோ குடும்பத்தாரும் அதே காலத்தில் இதே பாணியில் எழுத்து வெட்டினார்கள். தடிப்பு நல்ல தடிப்பு, மெலிவு மகா மெலிவு. 'வோக்' பத்திரிகையின் பெயரைப் பாருங்கள், அந்த ஜாதிதான். அட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு நிற்கும்போது அழகுதான், யார் இல்லை என்றார்கள்?

ஆனால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு அளவுக்கும் அச்சுத் தனியாக வெட்டுவார்கள். சின்ன எழுத்தில் மெல்லிய கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக விடுவார்கள். இல்லாவிட்டால் கண்ணுக்கும் தெரியாது, மிஷின் அழுத்தத்தில் ஈயமும் உடைந்துவிடும். கம்ப்யூட்டர் காலத்திலும் விஷயம் தெரிந்தவர்கள் இதை மறக்கவில்லை. 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பத்திரிகைக்காக 1990-களின் தொடக்கத்தில் ஜோனத்தன் ஹோஃப்ளர் டிடோ எழுத்தைப் புதிதாகச் செய்தபோது, 6 பாயிண்டிலிருந்து 96 பாயிண்ட் வரை ஏழு அளவுக்குத் தனித்தனியாக வரைந்தார்.

நம் டிசைனர் தம்பிகள் என்ன செய்கிறார்கள்? தலைப்புக்கு என்று வரைந்த எழுத்தை மவுஸால் இழுத்து 7 பாயிண்டுக்குச் சுருக்குகிறார்கள். 'e' நடுக்கோடு போய் 'c' ஆகிறது. 'H' இரண்டு கம்பமாகிறது. இருபத்தைந்து வயதுக் கண்ணும் பளிச்சென்ற திரையும் இருந்தால் எல்லாம் தெரியும். பத்திரிகையைக் கையில் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள் என்று எந்தத் தம்பியாவது யோசித்தானா? பெயரை எந்த எழுத்தில் வேண்டுமானாலும் போடு. முகவரியையும் தேதியையும் படிக்கிற எழுத்தில் போட்டால் எந்த கௌரவம் குறைந்துவிடும்?

பேரனுக்கு தை மாதம் கல்யாணம். புரூஃபை எனக்குக் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "சரி தாத்தா" என்றிருக்கிறான். பூதக்கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.