தோட்டா உறையை மட்டும் எடுத்தால் போதுமா?

மெட்டல் டிடெக்டர் ஒலித்ததும் தோண்டி எடுத்து, படம் பிடித்துப் போட்டு, "என்ன விலை போகும்?" என்று கேட்பது சரியா, நண்பர்களே?

ஈப்போவுக்குத் தெற்கே கம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கடும் போர் நடந்தது. பிரிட்டிஷ் வீரர்களுடன் இந்திய வீரர்களும் ஜப்பானியரை எதிர்த்து நின்றனர். அங்கே கிடைக்கும் தோட்டா உறையின் அடியில் 'கே.எஃப்.' என்றிருந்தால், அது புனே அருகிலுள்ள கிர்கியில் செய்யப்பட்டது. ஆனால், எங்கே நின்று எந்தத் திசையில் சுட்டார்கள் என்பதை உறை மட்டும் சொல்லாது. அது கிடந்த இடமும் ஆழமும் அருகில் இருந்த பொருள்களும்தான் சொல்லும். இடத்தைக் குறிக்காமல் பிடுங்கினால் மிஞ்சுவது பித்தளைதான்.

2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டப்படி, பாரம்பரியப் பொருள் என்று கருதத்தக்கதைக் கண்டெடுத்தால் மாவட்ட அதிகாரியிடமாவது தெரிவிக்க வேண்டும். வெடிக்காத குண்டாக இருந்தால் தொடவே கூடாது. விலகிச் சென்று 999-ஐ அழையுங்கள்.

ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம்மவர் பலரின் பெயர்கள்கூட ஏடுகளில் இல்லை. ஏட்டில் இழந்தது போதும். மண்ணில் இருப்பதையாவது காப்போம்.