படம் போடும் கருவியும் நம் சரக்கும்

சொன்னதைப் படமாக வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை நம் வியாபாரிகள் பலரும் கையாளத் தொடங்கிவிட்டனர். நாமும் சென்ற தீபாவளிக்கு அதில்தான் நோட்டீஸ் போட்டோம். ஓவியரிடம் நாலு நாள் நடக்க வேண்டிய வேலை, கடை கட்டுவதற்குள் முடிந்தது. விளக்கு, கோலம், பலகாரத் தட்டு எல்லாம் கண்ணுக்கு நிறைவு. எழுத்தில்தான் கோளாறு. "மொத்த விலை" என்பதில் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம். எழுத்தை அச்சகத்தில் தனியே சேர்த்துக்கொண்டோம். காலண்டருக்குக் கேட்ட லட்சுமி படத்தில் ஒரு கைக்கு ஆறு விரல்! பூஜை அறையில் மாட்டுகிற படம். அச்சுக்குப் போகுமுன் கடைப் பையன் கண்ணில் பட்டது நல்லதாயிற்று.

ஆனால் சரக்குக்கே இதை நம்பலாகாது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாயைக் கேட்டோம். நீட்டு மிளகாயை வரைந்தது. முந்திரிப் பாக்கெட்டில் அது வரைந்த முழுப் பருப்பை ஒட்டி, உள்ளே உடைசலைப் போட்டோம். தப்பு நம்முடையதுதான். சில்லறைக் கடைக்காரர் ஒருவர், திரும்பி வந்த பாக்கெட்டை நம் மேஜையில் கொட்டி, "படத்தில் இருக்கிறது எங்கே அண்ணாச்சி?" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்று விளம்பரத்துக்குத் தயாரிப்பாளர்மீது 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்.

மீதி லேபிளைக் கிழித்துவிட்டோம். இப்போது உடைசலையே வெயிலில் பரப்பிக் கைப்பேசியில் எடுத்த படம்தான். பளபளப்பு கொஞ்சம் குறைவு. பாக்கெட் திரும்பி வருவதில்லை.