சுமைதாங்கி

'தப்பித்தல்' என்ற சொல்லை நம் விமர்சகர்கள் கையிலிருந்து கொஞ்ச காலத்துக்குப் பிடுங்கி வைக்க வேண்டும். சமீபத்தில் நண்பர்கள் கூடியிருந்த இடத்தில் ஒரு சிறுகதை பேச்சுக்கு வந்தது. கணவனை இழந்த கிறிஸ்தவப் பெண்ணொருத்தி ஜெபம் செய்வதோடு கதை முடிகிறது. கதை சுமாரானதுதான், மொழி தளர்ந்து கிடக்கிறது. ஆனால் நண்பர் ஒருவர் அதைத் தள்ளிய காரணம் வேறு. 'பிரச்சினையைச் சந்திக்கத் திராணியில்லாமல் கர்த்தரிடம் ஓடுகிறாள். இது வலிநிவாரணி இலக்கியம்' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குமேல் அந்தக் கதையை யாரும் பேசவில்லை. ஒரு மனுஷி முழங்காலிட்ட உடனேயே விமர்சகனின் வேலை முடிந்துவிடுகிறது என்ற இந்த சௌகர்யத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கிறிஸ்தவன் அல்லன். எந்த மதத்திலும் விசுவாசி என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்யதை கிடையாது. சபைகளுக்காக வக்காலத்து வாங்கும் உத்தேசமும் இல்லை. சபைகளோடும் எனக்குச் சண்டை உண்டு. ஏனென்றால் 'வலிநிவாரணி' என்பது நண்பரின் சொந்தச் சரக்கு அல்ல. மேடைப் பிரசங்கிகள் ஒலிபெருக்கி வைத்து விற்கிற சரக்கு அது. வா, ஜெபி, கடன் தீரும், வியாதி போகும், வீடு கட்டுவாய் என்கிறார்கள் அவர்கள். நண்பர் அதை நம்பாமல் சிரிக்கிறார். ஆனால் விசுவாசம் என்றால் அதுதான் என்பதில் இருவருக்கும் அபிப்பிராய பேதமே இல்லை.

புத்தாண்டு ஆராதனையில் எடுத்துக்கொள்ளும் வாக்குத்தத்த அட்டைகளைப் பாருங்கள். இப்போது அவை விடிகாலையில் கைபேசியிலும் வந்து விழுகின்றன. நான் பார்த்த அட்டைகள் எல்லாவற்றிலும் ஆசீர்வாதம், பெருக்கம், ஜெயம். சங்கீதம் 88 அச்சிட்ட அட்டை ஒன்றை இதுவரை நான் காணவில்லை. இரவும் பகலும் கூப்பிட்டும் பதில் வராதவனின் பாட்டு அது. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியில் ஒரு திருப்பம், ஒரு துதி வந்துவிடும். இதில் அதுவும் இல்லை, இருளிலேயே முடிந்துபோகிறது. வேதத்தைத் தொகுத்தவர்கள் இதை நீக்கிவிடவில்லை. அட்டை அச்சிடுகிறவர்கள்தான் நீக்கினார்கள்.

மத்தேயு 11-ஆம் அதிகாரத்துக்கும் இதே கதி. பாரம் சுமப்பவர்களை அழைத்து இளைப்பாறுதல் தருவதாகச் சொல்லும் 28-ஆம் வசனம் சுவரெங்கும் தொங்குகிறது. அடுத்த வசனமே நுகத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. நுகம் மாட்டின் கழுத்தில் ஏறுவது உழவுக்கு. அது இலகுவான நுகம் என்று 30-ஆம் வசனம் சொல்கிறது என்பது வாஸ்தவம். ஆனாலும் நுகம் நுகம்தான். ஓய்வையும் வேலையையும் ஒரே மூச்சில் சொன்ன ஒரு பேச்சை நடுவில் வெட்டி, ஓய்வை மட்டும் சட்டம்போட்டு மாட்டியிருக்கிறோம்.

சுமையைப் பற்றிக் கிறிஸ்தவ இலக்கியத்தில் பேச வேண்டுமானால் ஜான் பனியனிடம் போக வேண்டும். 1678-ல் வெளிவந்து தமிழில் 'மோட்ச பிரயாணம்' என்று வழங்கும் நூலில், கதாநாயகன் முதுகில் ஒரு மூட்டையோடு கிளம்புகிறான். சிலுவையருகே மூட்டை அவிழ்ந்து விழுகிறது. பிரசங்கி அங்கே நிறுத்திக்கொள்கிறார். பனியன் நிறுத்தவில்லை. மூட்டை விழுந்த பிறகுதான் அசுரனோடு சண்டை, மாயாபுரிச் சந்தையில் தோழனின் கொலை, நிராசை என்ற ராட்சதனின் கோட்டையில் அடி உதை எல்லாம் வருகின்றன. வாக்குத்தத்தம் என்ற சாவி அந்தக் கோட்டையின் பூட்டைத் திறக்கத்தான் செய்கிறது. ஆனால் திறந்தவன் வந்து நிற்பது பழைய பாதையில்தான். பாதை ஒரு முழம்கூடக் குறையவில்லை. இதே நூலைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) எழுதிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, திருநெல்வேலிச் சீமையில் வைணவராகப் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர். அவரும் இந்த யாத்திரையைப் பாதியில் முடித்துக்கொள்ளவில்லை.

பனியன் தகரவேலைக்காரர். அனுமதியில்லாமல் பிரசங்கித்தார் என்று 1660-லிருந்து 1672 வரை பெட்ஃபோர்டில் சிறை வைத்தார்கள். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தால் வெளியே வந்திருக்கலாம். வீட்டில் பார்வையில்லாத மகள் இருந்தாள். விசுவாசம் இந்த மனிதனின் தலையிலிருந்து எதை இறக்கியது? சிறையை ஏற்றியதே அதுதான். நண்பரின் சொல்லை இங்கே பொருத்திப் பார்க்கட்டும்: பனியன் எதிலிருந்து தப்பித்தார்?

உடனே மார்க்ஸின் அபினியை எடுப்பார்கள். 1844-ல் அச்சான அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் எடுத்தால் மகிழ்ச்சி. அபினிக்கு முந்திய வரிகளில், மதத்துக்குள் துயரமும் துயரத்துக்கெதிரான ஆட்சேபமும் சேர்ந்தே இருப்பதாக மார்க்ஸ் ஒப்புக்கொள்கிறார். நம்மவர்கள் ஆட்சேபத்தை விட்டுவிட்டு அபினியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிரசங்கி 28-ஆம் வசனத்தை எடுத்துக்கொண்ட அதே முறையில்தான்.

அந்த ஆட்சேபம் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 1956 ஜனவரியில், அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில், கறுப்பர்களின் பஸ் பகிஷ்காரத்தை நடத்திக்கொண்டிருந்த மார்ட்டின் லூதர் கிங்குக்கு நள்ளிரவில் ஒரு கொலை மிரட்டல் தொலைபேசியில் வந்தது. வயது 27. சமையலறையில் உட்கார்ந்து, தன்னால் இனி முடியாது என்று வாய்விட்டு ஜெபித்ததாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். சில நாட்களில், ஜனவரி 30 அன்று, மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருக்க அவர் வீட்டின்மேல் குண்டு வீசினார்கள். ஜெபம் குண்டைத் தடுக்கவில்லை. பகிஷ்காரம் டிசம்பர் வரை நடந்தது. பஸ்களில் நிறப் பாகுபாடு ஒழிந்த பிறகே முடிந்தது. அபினி தின்றவன் செய்கிற காரியமா இது?

பெரிய மனிதர்களை விடுவோம். நான் வங்கியில் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் ஓர் அம்மாள் ஜூன் பிறந்தால் அதே இரண்டு வளையல்களோடு வருவார். கணவர் பக்கவாதத்தில் படுத்தவர். பைக்குள் பாஸ்புத்தகத்தோடு ஒரு சின்னப் புதிய ஏற்பாடும் இருக்கும். ஜெபத்தால் என்னம்மா கிடைக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். 'வட்டி ஒண்ணும் கொறயல சார். ராத்திரி ஆண்டவர்கிட்ட சண்ட போடுவேன். பதில் வராது. காலைல எந்திரிச்சு சமைக்கப் போயிருவேன்' என்றார். சங்கீதம் 88-க்கு இதைவிடச் சுருக்கமான உரையை நான் படித்ததில்லை.

நம் சாலையோரங்களில் இன்னமும் சில சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக நட்டவை. தலைச்சுமைக்காரன் யார் உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் சரித்துவிட்டுக் கொஞ்சம் நிற்பான். பிறகு அதே சுமையை, அதே எடையை, எடுத்துக்கொண்டு போவான். அந்தக் கல்லை யாரும் தப்பித்தல் என்று சொன்னதில்லை. சுமையை அது கரைத்துவிடும் என்று டிக்கெட் போட்டு விற்றதும் இல்லை. இன்னொருவரின் சாவுக்கு நட்ட கல்லில் தன் சுமையை வைக்கிறவனுக்குக் கிறிஸ்தவம் அவ்வளவு அன்னியமானதாக இருக்க முடியாது.

எழுத்துக்கு வருகிறேன். ஜெரார்ட் மான்லி ஹாப்கின்ஸ் ஏசுசபைத் துறவி. 1884-ல் டப்ளினுக்கு அனுப்பப்பட்டு, கிரேக்கம் கற்பித்துக்கொண்டு, மலைமலையாகப் பரீட்சைத் தாள் திருத்தி நைந்துபோனவர். 1885-ஐ ஒட்டி அவர் எழுதிய ஸானெட்டுகளில் ஆறுதல் தேடினால் ஏமாற்றம்தான். கடவுளோடு மல்லுக்கட்டி, விடியாத இரவுக்குள் கிடந்து எழுதியவை. 1889-ல் டைஃபாய்டில் இறந்தார். 1918-ல் தான் கவிதைகள் நூலாக வந்தன. விசுவாசம் இல்லாவிட்டால் அந்தக் கவிதைகள் இல்லை. சண்டைக்கு எதிராளி இருந்தால்தானே சண்டை?

நம் கதைகளில் வரும் கிறிஸ்தவன் ஒன்று 'ஸ்தோத்திரம்' சொல்லும் கோமாளி, அல்லது வெள்ளை உடுப்புப் பரிசுத்தவான். ராத்திரி சண்டை போட்டுவிட்டுக் காலையில் சமைக்கப் போகிறவளை நாம் எழுதவில்லை. அந்தச் சுமாரான கதையைத் தள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. ஆனால் அவள் முழங்காலிட்டாள் என்பதற்காகத் தள்ளாதீர்கள். அவள் கேட்டது என்ன, பதில் வராதபோது எப்படி எழுந்தாள் என்பதை ஆசிரியர் எழுதாமல் விட்டதற்காகத் தள்ளுங்கள்.