மௌனம் சம்மதமன்று: ஊதிய வரியும் 12பிபி படிவமும்

பிப்ரவரி பிறந்துவிட்டால் சித்தூரிலும் திருப்பதியிலும் அரசு ஊழியர், ஆசிரியர் வீடுகளில் எழும் முதற்கேள்வி, இம்மாத ஊதியத்தில் வருமான வரி எவ்வளவு பிடிப்பார்கள் என்பதே. 2025இல் அதனோடு ஒரு மயக்கமும் சேர்ந்தது. 12 லட்சம் ரூபாய் வரை வரியில்லை என்று அவ்வாண்டு பிப்ரவரி 1 அன்று நாடாளுமன்றத்தில் அறிவித்ததைக் கேட்டோர் பலர், இனிப் படிவம் எதற்கு என்று ஒதுங்கிவிட்டனர். அவ்வறிவிப்பு 2025 ஏப்ரல் முதல் ஈட்டும் வருமானத்துக்கு உரியது. 2024-25க்கு அதனால் ஒரு ரூபாயும் குறையவில்லை.

ஒதுங்கியவரின் மௌனத்துக்குச் சட்டம் ஒரு பொருளை வகுத்து வைத்திருக்கிறது. எந்த வரிமுறை வேண்டும் என்று ஊழியர் தெரிவிக்காவிடில், புதிய வரிமுறையை ஏற்றார் எனக் கொண்டு வரி பிடிக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 5 நாளிட்ட மத்திய நேரடி வரிகள் வாரியச் சுற்றறிக்கையின் ஆணை. கேள்வி இன்னதென்று விளங்கிக்கொண்டவரின் மௌனத்தைச் சம்மதம் எனலாம். விளங்காதவரின் மௌனம் வெறும் மௌனமே.

ஆண்டுக்கு 9,00,000 ரூபாய் ஊதியம் பெறும் ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வருங்கால வைப்பு நிதி, மாநில அரசின் ஆயுள் காப்பீடு முதலியவற்றில் 1,50,000 சேமிக்கிறார். தாம் குடியிருக்கும் வீட்டின் கடனுக்கு 2,00,000 வட்டி கட்டுகிறார். பழைய முறையில் நிலைக்கழிவு 50,000, ஆந்திரத் தொழில்வரி 2,400 ஆகியவற்றையும் நீக்கினால் எஞ்சுவது 4,97,600. 5 லட்சத்துக்குள் அடங்குவதால் தள்ளுபடி போக வரி சுழியம். அவர் வாய் திறக்காவிடில், 2024-25இல் புதிய முறையில் நிலைக்கழிவு 75,000 மட்டும் நீங்கி, மேல்வரியுடன் 33,800 ரூபாய் போயிருக்கும். சேமிப்பும் கடனும் இல்லாதவருக்குப் புதிய முறையே இலாபம் என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டையும் கூட்டிப் பார்க்காமல் அலுவலக எழுத்தர் எல்லார் பெயருக்கும் நேரே ஒரே குறி இடுவதுதான் பிழை.

“கூடுதலாகப் பிடித்தால் என்ன, பிறகு திரும்ப வருமே” என்பது இங்கு எல்லாரும் சொல்லும் ஆறுதல். திரும்பும் பணத்துக்கு அரசு தரும் வட்டி மாதத்துக்கு அரை விழுக்காடு. அதே பணத்துக்காக வளையலை அடகு வைத்தவர் கட்டும் வட்டி என்ன என்பதை அவ்வாறு ஆறுதல் சொல்வோர் கேட்பதில்லை.

விலக்குக் கேட்பவரெல்லாம் பொய்யர் என்னும் வாதமும் உண்டு. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைத் தர வேண்டும் என்பதற்காகவே மாதம் 8,300 ரூபாய்க்கு எழுதப்படும் ரசீதுகளை யார் அறியார்? அந்தப் பொய்க்குத் தண்டம் உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால், 12பிபி படிவத்தின் அடியில் “மேற்கண்டவை முழுமையானவை, சரியானவை” என்னும் பொருள்படச் சான்றளிப்பவர் ஊழியர், எழுத்தர் அல்லர். எல்லைப்புறத் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியரும், தெலுங்கு மட்டும் அறிந்த அலுவலகக் கடைநிலை ஊழியரும் ஆங்கிலப் படிவத்தில் அச்சான்றை அளிக்கின்றனர். பிறர் நிரப்பியதற்கு இவர்கள் பொறுப்பேற்பது எவ்வாறு நியாயமாகும்? ஒரு பக்கப் படிவத்தைத் தெலுங்கிலும் தமிழிலும் அச்சிட்டுத் தரப் பெருஞ்செலவு ஆகாது. வரி கேட்கும் அரசு, கேட்பதைப் புரியும் மொழியில் கேட்கட்டும்.

அலுவலகத்தில் தெரிவித்தது இறுதி முடிவன்று என்பதை அதே சுற்றறிக்கையே கூறுகிறது. தொழில், வணிக வருமானம் இல்லாதவர் கணக்குத் தாக்கல் செய்யும்போது பழைய முறையைத் தேர்ந்து, பிடித்ததைத் திரும்பப் பெறலாம். உரிய கெடுவுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். வழக்கமாக அது ஜூலை 31. கெடு கடந்தால் அவ்வாண்டுக்குப் பழைய முறையைத் தேரும் உரிமை இல்லை. மேற்சொன்ன ஆசிரியர் அந்த 33,800 ரூபாயை மறந்துவிட வேண்டியதுதான்.