கேட்கும் செவியின் கடமை

நுழையும்முன்

தங்குதடையற்ற குரலே நல்ல குரல் என்னும் எண்ணத்தை வானொலியும் தொலைக்காட்சியும் வளர்த்துள்ளன. உடற்குறையால் பேச்சு தடுமாறுவோர் ஒலிவாங்கியின் முன் அமரும் உரிமையை அவ்வெண்ணம் மறைத்துவிடுகிறது. சொல்வோரின் திறனோடு கேட்போரின் பொறுப்பையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் மின்தொடர்வண்டிக்காக நாள்தோறும் பெருந்திரளான மக்கள் நடைமேடைகளில் காத்திருக்கின்றனர். வண்டிகளின் இரைச்சல், வணிகர்களின் கூவல், கூட்டத்தின் ஆரவாரம் ஆகியவற்றுக்கு இடையே ஒலிபெருக்கி கரகரக்கிறது. ஆயினும் அறிவிப்பு பெரும்பாலோர்க்குத் தப்புவதில்லை. எந்த நடைமேடைக்கு வண்டி வருகிறது என்பதை அறிந்தாக வேண்டிய தேவை செவியைக் கூர்மையாக்குகிறது. அதே செவி, மூளை முடக்குவாதம் உடைய ஒருவர் பயணச்சீட்டு முகப்பில் நின்று ஊர்ப்பெயரை இழுத்துச் சொல்லும்போது பொறுமை இழக்கிறது. அவரை விடுத்து உடன் வந்தவரிடம் வினவுகிறது. சிலவேளைகளில் அவர் குடித்திருக்கிறார் என்றும் முடிவு கட்டிவிடுகிறது. கருவியின் கரகரப்பைப் பொறுத்துக்கொள்ளும் சமூகம் மனிதரின் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளாதது ஏன் என்பது எண்ணத்தக்க வினாவாகும்.

பேச்சும் அறிவும்

பேச்சொலி தோன்றும் முறையைத் தொல்காப்பியம் பிறப்பியலில் விளக்குகிறது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களின் இயைபால் எழுத்துகள் பிறக்கின்றன என்பது அதன் கொள்கை. இன்றைய மருத்துவமும் பேச்சைப் பல உறுப்புகளின் கூட்டியக்கமாகவே காண்கிறது. மூளை முடக்குவாதம், பக்கவாதம், நடுக்குவாதம் முதலியவற்றால் அவ்வுறுப்புகளை இயக்கும் தசைகள் தளர்ந்தாலோ இறுகினாலோ ஒலி குழறுகிறது. குழறுவது ஒலியே. அறிவுக்கூர்மையும் நகைச்சுவையுணர்வும் உலகைப் பற்றிய கருத்தும் அத்தளர்ச்சியால் குறைந்துவிடுவதில்லை. எனினும் ஒலியைக்கொண்டே அறிவை அளக்கும் பழக்கம் சமூகத்தில் வேரூன்றியிருக்கிறது.

இந்தியாவின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏறத்தாழ 20 இலட்சம் பேரைப் பேச்சுக் குறைபாடு உடையோராகப் பதிவு செய்தது. நாடெங்கும் நாள் முழுதும் ஒலிக்கும் எண்ணற்ற அலைவரிசைகளில் இத்தகையோரின் குரலைக் கேட்பது அரிது. அவர்களைப் பற்றிப் பிறர் பேசுவதைக் கேட்க முடிகிறது. அவர்களே பேசுவதைக் கேட்க முடிவதில்லை.

பழகிய செவி

சென்னையில் 1938ஆம் ஆண்டு வானொலி நிலையம் தொடங்கப்பெற்ற காலந்தொட்டே குரல் தேர்வு அறிவிப்பாளர்ப் பணியின் நுழைவாயிலாக இருந்துவருகிறது. பிழையற்ற ஒலிப்பு வேண்டும் என்னும் அந்நோக்கம் மொழிக்கு நன்மை செய்தது. ஆயினும் இனிமை என்பது பெரும்பாலும் பழக்கத்தால் அமைவது. இலங்கை வானொலியின் அறிவிப்பாளர்கள் பேசிய தமிழ் தமிழ்நாட்டு நேயர்களின் பேச்சு வழக்கிலிருந்து வேறுபட்டிருந்தது. நாளடைவில் அவ்வேறுபாடே அவர்களின் தனிச்சிறப்பாயிற்று.

அமெரிக்காவின் தலைநகரான வாசிங்டனில் டயான் ரேம் என்னும் வானொலியாளர் பல்லாண்டுகள் நேர்காணல் நிகழ்ச்சி நடத்தினார். குரல்நாண்கள் தம் வயமின்றி இறுகும் நோய் அவருக்கு இருப்பது 1998இல் கண்டறியப்பட்டது. பேச்சு மெதுவாயிற்று, குரல் நடுங்கியது. மருத்துவம் பெற்று மீண்ட அவர் தம் நிலையை நேயர்களிடம் மறைக்கவில்லை. அந்நடுங்கும் குரலுடனேயே 2016 வரை நிகழ்ச்சியைத் தொடர்ந்தார். அறிவுத்துறைப் பணிக்கான அமெரிக்க அரசின் தேசியப் பதக்கமும் அவருக்கு வழங்கப்பட்டது. பிரித்தானியாவில் மூளை முடக்குவாதத்தால் வாய்மொழியாகப் பேச இயலாத இலீ இரிட்லி, கருவியின் குரலால் நகைச்சுவை நிகழ்த்தி, 2018இல் நாடறிந்த தொலைக்காட்சிப் போட்டியொன்றில் வெற்றிபெற்றார். குரலுக்கு அப்பால் உள்ள பொருளைக் கேட்கச் செவிகள் பழகும் என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

மறுப்பும் விடையும்

இக்கருத்துக்கு எதிராக ஒரு வாதம் எழுவது இயல்பே. 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் முடிச்சூர், வரதராசபுரம் முதலிய பகுதிகள் நீரில் மூழ்கின. அத்தகைய வேளையில் எச்சரிக்கையின் ஒரு சொல் தவறாகக் கேட்கப்பட்டாலும் உயிருக்கே ஊறு நேரும். செவித்திறன் குறைந்த முதியோரும் தெளிந்த ஒலிப்பையே வேண்டுவர். இவ்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று.

எனினும், ஒலிபரப்பு முழுவதும் வெள்ள எச்சரிக்கையாக இருப்பதில்லை. நேர்காணல், நூல் மதிப்புரை, விளையாட்டு விளக்கம், கதை கூறல், கலந்துரையாடல் எனப் பல நிகழ்ச்சிகளில் சற்று மெதுவான பேச்சால் எவர்க்கும் தீங்கு நேராது. தொலைக்காட்சியில் எழுத்துவரிகள் துணை செய்யும். வானொலியில் உடன் பேசுபவர் இன்றியமையாத சொற்களை மீளக் கூறலாம். பழகிய பின்னரும் விளங்காத பேச்சாயின், பேசும் கருவியைப் பயன்படுத்தலாம். குரல் கருவியுடையதாயினும் சொல் அவருடையதே. ஆகவே, புரியாமை வேறு, பழகாமை வேறு. முன்னதற்குத் துணைக்கருவி வேண்டும். பின்னதற்குப் பொறுமை போதும்.

வாயில்கள் அருகிலேயே உள்ளன

இம்மாற்றத்தைத் தொடங்குவதற்குத் தென்சென்னைப் புறநகர்ப் பகுதி ஏற்ற இடமாகும். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி 2004இல் தொடங்கப்பெற்றது. இத்தகைய சிறு வானொலிகள் சில கிலோமீட்டர் சுற்றளவில் வாழும் மக்களுக்காக அம்மக்களையே பேசச்செய்யும் நோக்குடையன. முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளின் மேம்பாட்டிற்கான தேசிய நிறுவனம் இயங்கிவருகிறது. காலவாக்கத்தில் உள்ள எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியின் ஆய்வாளர்கள், தசைத்தளர்ச்சியால் குழறும் தமிழ்ப் பேச்சைப் பதிவுசெய்து ஒலித் தரவகம் ஒன்றை உருவாக்கியுள்ளனர். படங்களைத் தொட்டுச் சொற்றொடர் அமைக்கவும் அதனை ஒலிக்கச் செய்யவும் உதவும் ‘ஆவாஸ்’ செயலி சென்னையிலேயே உருவானது.

இவற்றுள் ஒலித் தரவகம் உணர்த்தும் உண்மை குறிப்பிடத்தக்கது. குழறும் பேச்சை மிகுதியாகக் கேட்கக் கேட்கக் கணினி அதனைத் திறம்பட உணர்கிறது. பொறிக்கு இயலும் இப்பயிற்சி மனிதச் செவிக்கு இயலாததன்று.

நகைப்பும் இரக்கமும்

திக்கிப் பேசுவோரையும் குழறிப் பேசுவோரையும் நகைப்புக்குரிய பாத்திரங்களாக்கும் வழக்கம் திரைப்படங்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. காட்சி ஊடகங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சித்திரிக்கும் முறை குறித்து உச்ச நீதிமன்றம் 2024 சூலையில் நெறிமுறைகளை வகுத்தது. அவர்களை இழிவுபடுத்தும் நகைச்சுவைக்கும், குறைபாட்டைப் பற்றிய புரிதலை வளர்க்கும் நகைச்சுவைக்கும் உள்ள வேறுபாட்டை அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டைத் தனி வகையாக ஏற்றுள்ளது.

நகைப்பைப் போலவே இரக்கமும் தடையாகலாம். பேசியதே பெரிது எனக் கைதட்டிவிட்டு, பேசிய பொருளைக் கேளாமல் விடுவதும் புறக்கணிப்பே. கருத்து சிறந்ததாயின் பாராட்டுவதும், பிழையாயின் மறுத்துரைப்பதும் பேசுபவரைச் சமமாக நடத்துவதாகும்.

தொடக்கம் எங்கே?

பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவர் செய்தி வாசிக்கின்றனர். ஒரு மாணவர் தம் வாழ்வில் காணும் முதல் ஒலிபரப்பு அதுவே எனலாம். ‘கணீர்’ என்ற குரலுடையோரே பெரும்பாலும் அதற்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். திக்கிப் பேசும் மாணவர் தம் முறை வாராது என்பதை இளமையிலேயே உணர்ந்துகொள்கிறார். பின்னாளில் எந்த வானொலி நிலையமும் அவரை மறுக்கத் தேவையில்லை. அவர் அவ்வாயிலை நாடிச் செல்வதே இல்லை.

அவர் விரும்பினால், அவருக்கும் ஒருநாள் அவ்வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும். செய்தி முடிய இரண்டு நிமிடம் கூடுதலாகலாம். முதல்நாள் சிலர் சிரிக்கவும் கூடும். நான்காம் முறை கூட்டம் செய்தியைக் கேட்கத் தொடங்கிவிடும். திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒலிபரப்பு இதுவரை முன்னதையே அளவுகோலாகக் கொண்டது. பின்னதையும் கொள்ளும் நாளில், விடுபட்ட குரல்கள் வானலையில் தமக்குரிய இடத்தைப் பெறும்.