பெயரேட்டைக் காப்பவர்க்கும் ஒரு பதக்கம்

குடியரசு நாளையொட்டி ஆண்டுதோறும் வெளியாகும் படைத்துறை விருதுப் பட்டியலை முழுவதும் படிப்பவர் அரியர். வீரச்செயலுக்குரிய சக்ரங்களைப் பெற்றோரின் படங்களை நாளிதழ்கள் வெளியிடும். நாமும் பெருமிதத்துடன் பார்ப்போம். அவற்றின் கீழே பரம் விசிஷ்ட சேவா, அதி விசிஷ்ட சேவா, விசிஷ்ட சேவா என்று மூன்று படிநிலைகளில் நீளும் பெயர்களைக் கண் தாண்டிச் சென்றுவிடும். 1960இல் ஒரே பதக்கத்தின் மூன்று வகுப்புகளாக நிறுவப்பட்டு, 1967இல் இன்றைய பெயர்களைப் பெற்றவை இவை. போர்க்களம் சாராத சிறப்புப் பணிக்கு உரியவை. களப்பணிச் சிறப்புக்கென்று யுத்த சேவா பதக்கங்கள் 1980இல் தனியே ஏற்பட்டன.

போர்க்களம் சாராத பணி என்பதற்குள் பலவும் அடங்கும். அவற்றுள் ஒன்றைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம். ஆளைச் சேர்ப்பது, அவன் பெயரையும் ஊரையும் உறவையும் ஏட்டில் ஏற்றுவது, விடுப்பையும் ஊதியத்தையும் தவறாது கொண்டு சேர்ப்பது, உயர்வுக்கு உரியவனை இனங்காண்பது, அவன் இறந்தால் யாரிடம் சொல்லவேண்டும், யாருக்கு என்ன சேரவேண்டும் என்பதை அறிந்து வைத்திருப்பது. இதனை இன்று மனிதவளப் பணி என்கிறார்கள். மனிதனை நிலக்கரிபோல் ஒரு வளமாக எண்ணும் இச்சொல் நம் செவிக்குச் சற்றே உறுத்துகிறது. இலங்கைத் தமிழர் வழங்கும் 'ஆளணி' என்பது எவ்வளவோ மேல். இந்தியக் கடற்படையிலோ இப்பணியைச் செய்பவருக்கு 'ரைட்டர்' என்றே பெயர் வழங்கிவந்தது. எழுத்தாளர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் நம்மவர் பலரைவிட அந்த ரைட்டரின் எழுத்துக்குப் பயன் மிகுதி என்று சொன்னால் இலக்கிய அன்பர்கள் கோபிக்கமாட்டார்கள் என நம்புகிறோம்.

தரைப்படையில் ஒரு வீரனின் வாழ்க்கை மாற்றங்களை அறிவிக்கும் ஆணைகளுக்குப் 'பார்ட் டூ ஆர்டர்' என்று பெயர். திருமணம், குழந்தைப் பேறு, விடுப்பு, மருத்துவமனைச் சேர்க்கை, மரணம் எல்லாம் அதில்தான் பதிவாகும். இப்பதிவுகள் ஒவ்வொன்றையும் அலுவலக வழக்கில் 'கேஷுவால்டி' என்றே குறிப்பார்கள். பொதுவழக்கில் உயிர்ச்சேதத்தைக் குறிக்கும் சொல்லால் மகள் பிறந்த செய்தியும் குறிக்கப்படுவது முதலில் சிரிப்பை வரவழைக்கும். சற்று எண்ணிப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் தெரியும். மகள் பிறந்த அன்று அந்த வரி எழுதப்படாவிட்டால், தந்தை இறந்த பிறகு அவள் தன்னை அவருடைய மகள் என்று மெய்ப்பிக்க அலையவேண்டியிருக்கும்.

இப்பணியின் இன்றியமையாமையை வள்ளுவர் அறிந்திருந்தார். படைமாட்சி அதிகாரத்தின் ஒன்பதாம் குறள், எண்ணிக்கை தேய்ந்து போதல், நீங்காத மனவெறுப்பு, வறுமை ஆகிய மூன்றும் இல்லாத படையே வெல்லும் என்கிறது. வாளைப் பற்றியோ வேலைப் பற்றியோ அங்குப் பேச்சில்லை. ஆள் விட்டுப்போகாமல் காப்பதும், குறையைக் கேட்டுத் தீர்ப்பதும், கூலியைக் காலத்தில் கொடுப்பதுமே இம்மூன்றும். இன்றைய படைத்தலைமையகத்தில் இவற்றைக் கவனிக்க அட்ஜுடன்ட் ஜெனரல் என்றொரு உயர் அதிகாரியும் அவருக்குக் கீழ் பெரும் அலுவலகமும் உண்டு. அவர் மேசையில் இக்குறளை எழுதி வைத்தால் அவர்தம் பணிக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

எண்பேராயத்தைப் பட்டியலிடும் பழஞ்செய்தியிலும் கரணத்தியலவர் எனப்படும் கணக்கர் முதலில் நிற்கப் படைத்தலைவர் ஆறாவதாக வருகிறார். செய்யுளின் ஓசை கருதி அமைந்த வரிசையாகவும் அது இருக்கலாம். எனினும் அரசவையில் கணக்கருக்கு ஓர் இடம் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பட்டம் என்று வரும்போது ஏனாதி மோதிரம் படைத்தலைவன் விரலுக்கே சென்றது. திருநகரிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள திருப்பரங்குன்றத்துக் குடைவரையில், எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியரின் மாசாமந்தன் சாத்தன் கணபதியின் பெயரைக் கல்வெட்டு இன்றும் சொல்கிறது. அவன் படையின் பெயர்களை ஏட்டில் எழுதிக் காத்தவன் யார் என்று சொல்ல எக்கல்லும் இல்லை.

நெடுநல்வாடையை வகுப்பில் நடத்தும் நம்மனோர் அனைவரும் அதன் இறுதிக் காட்சியில் சற்று நின்றே செல்வோம். வாடையும் தூறலும் நிறைந்த நள்ளிரவில், பாசறையில் அரசன் உறங்காது, புண்பட்ட வீரரைக் காணப் புறப்படுகிறான். அவனுக்கு முன்னே, வேப்பந்தழை கட்டிய வேலுடன் ஒருவன் சென்று, புண்பட்டோரை முறைப்படி ஒவ்வொருவராகக் காட்டுகிறான். நாம் அரசனின் பரிவை வியந்து பாடத்தை முடித்துவிடுகிறோம். முன்னே சென்றவனை மறந்துவிடுகிறோம். எந்தக் கூடாரத்தில் எவன் கிடக்கிறான், அவன் பெயர் என்ன, அன்றைய போரில் என்ன செய்தான் என்பதையெல்லாம் அவன் முன்பே அறிந்து வைத்திருந்தாலன்றி அந்த இருட்டில் முறையாகக் காட்டியிருக்க இயலுமா? அரசனின் பரிவு வீரனைச் சென்று சேர்வதற்கு இவனுடைய நினைவே வழியாயிற்று. தமிழ் காட்டும் ஆளணி அதிகாரிகளுள் இவனையே நாம் தலையாயவனாகக் கொள்வோம்.

இப்பணி செம்மையாக நடந்ததற்கும் நடவாததற்கும் சான்று தேடினால், கல்லிலும் ஏட்டிலும் நிறையக் கிடைக்கும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்கள் கி.மு. காலத்தவை என்பது ஆய்வாளர் கருத்து. அவற்றுள் ஒன்று, ஆகோள் பூசலில் பட்ட தீயன் அந்தவன் என்பவனின் பெயரைச் சொல்கிறது. மாடு மீட்கவோ கவரவோ போன ஒரு மறவனின் பெயர் ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்து நம்மிடம் வந்துவிட்டது. முதல் உலகப்போருக்குப் பின் நம் ஊர்களில் ஆங்கிலேயர் பதித்த பலகைக் கற்களையோ பாருங்கள். இவ்வூரிலிருந்து 1914 முதல் 1919 வரை போருக்குச் சென்றோர் இத்தனை பேர், உயிர் நீத்தோர் இத்தனை பேர் என்று எண்ணை மட்டும் சொல்லி முடித்துக்கொள்பவை அவை. பஸ்ராவில் எழுப்பிய நினைவுச்சின்னத்திலும் அதே கதை. பிரித்தானியருக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையில் அடக்கினார்கள்.

இந்தப் பிழையைப் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. 45,000 முதல் 54,000 வரையிலான ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையிலும், பெயரிட்டு நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும் அது சொல்கிறது. அதே 2021இல் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பழைய பதிவேடுகள் கணினியில் ஏற்றப்பட்ட செய்தியும் வந்தது. போர் முடிந்ததும் பஞ்சாப் அரசு ஊர் ஊராகத் தொகுத்த ஏடுகள் அவை; சுமார் 3,20,000 வீரர்களின் விவரம் அவற்றுள் உள்ளது. பெயரறியாத எழுத்தர்கள் எழுதி வைத்த வரிகளில் தம் பாட்டனின் பெயரையும் ஊரையும் பேரப்பிள்ளைகள் நூறாண்டு கழித்துக் கண்டெடுத்தார்கள்.

ஏடு இல்லாத படைக்கு என்ன நேர்ந்தது என்பதற்கும் நம் வட்டாரமே சான்று. மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து மலேயாவுக்குப் பிழைக்கப் போன எத்தனையோ தமிழர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். தோற்ற படை அது. ஏடுகள் முழுமையாக எஞ்சவில்லை. 1972இல் நடுவணரசு தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டு வந்தபோது சிறைச்சான்று கேட்டார்கள். அஃது இல்லையேல் உடன் சிறையிருந்தோரின் சான்று கேட்டார்கள். உடனிருந்தோர் இறந்துபோயிருந்தால் துப்பாக்கி ஏந்திய கைக்கும் சான்றில்லை.

பழங்கதை போதும், இன்றைக்கு வருவோம். திருநகரிலும் திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்து ஊர்களிலும் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் பல உண்டு. மதராஸ் படைப்பிரிவில் பணி செய்தவரின் ஏடு நீலகிரி வெலிங்டனில் இருக்கும். ஓய்வூதியக் கணக்கு பிரயாக்ராஜில் இருக்கும். நாடெங்கும் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட படைத்துறை ஓய்வூதியர்களின் கணக்குகள் அண்மை ஆண்டுகளில் 'ஸ்பர்ஷ்' என்னும் கணினி அமைப்புக்கு மாற்றப்பட்டன. கணினிக்குத் தமிழ்ப் பெயரின் இயல்பு தெரியாது. நமக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை. தந்தையின் பெயர் ஓர் ஏட்டில் தலையெழுத்தாகவும், மற்றோர் ஏட்டில் விரித்தெழுதிய பின்பெயராகவும் நிற்கும். ழகரத்தை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு வழி. ஊரில் பேச்சி, குடும்ப அட்டையில் பேச்சியம்மாள், கணவன் படையில் எழுதிக் கொடுத்தது பேச்சியம்மா. மூன்றும் ஒருத்தியே என்று எழுபது வயதில் அவள் மெய்ப்பிக்க வேண்டும். சேர்ந்த அன்றோ மணம் முடித்த அன்றோ, ஒரு எழுத்தர் பேனாவை நிறுத்தி, 'தம்பி, வீட்டுக்காரம்மா பேரை அட்டையில் உள்ளபடி சொல்லு' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்த அலைச்சல் இல்லை. அப்படிக் கேட்ட எழுத்தர்களும் இருக்கத்தான் இருந்தார்கள். அவர்கள் கேட்ட குடும்பங்களில் துன்பம் நேரவில்லை. துன்பம் நேராததால் அவர்கள் பெயரும் யாருக்கும் தெரியவில்லை.

இப்பணியின் சிக்கலே இதுதான். தவறாகச் செய்தால் வழக்காகும். சரியாகச் செய்தால் சுவடே இராது. சுவடில்லாத திறமையைத் தேடிச் சென்றுதான் பாராட்டவேண்டும்; அது தானாக வந்து நம் முன் நிற்காது.

அண்மைக் காலத்தில் இதன் பொறுப்பு மேலும் கூடியிருக்கிறது. 2022 சூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, நான்காண்டுப் பணிக்குப் பின் ஒரு தொகுதியில் 25 விழுக்காடு வரையிலானோரே நிலையான பணியில் தொடர்வர். திட்டத்தின் நன்மை தீமையைப் பற்றி நண்பர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதற்குள் புகவில்லை. நால்வரில் ஒருவனைத் தேர்ந்து மூவரை வீட்டுக்கு அனுப்பும் முடிவு, அவர்களைப் பற்றி எழுதப்பட்ட மதிப்பீட்டின்மேல்தான் நிற்கும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். அந்த மதிப்பீட்டை நேர்மையாக எழுதுவது ஒரு காவலரணைக் காப்பதற்குச் சற்றும் குறைந்த பொறுப்பன்று.

ஊதியம் பெற்றுச் செய்யும் மேசைவேலைக்கு விருது எதற்கு என்று சிலர் கேட்கலாம். களத்தில் நிற்பவனும் ஊதியம் பெறுகிறான். கடமைக்கு மேல் செய்ததற்கே அவனுக்குச் சிறப்பு. அதே அளவுகோலை மேசைக்கும் வைப்போம். வீரப்பதக்கத்தின் மதிப்புக் குறைந்துவிடும் என்பது இரண்டாவது தடை. இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லவில்லை. வெவ்வேறு பதக்கங்கள் ஏற்கெனவே உள்ளன. மூன்றாவது தடை வலியது. அதிகாரிகள் தமக்குத் தாமே பாராட்டுரை எழுதிக்கொள்ளும் சடங்காக இது முடியும் என்பது. அதை நாம் மறுக்கவில்லை. விதிப்படி விசிஷ்ட சேவா பதக்கங்கள் எல்லாப் படிநிலையினருக்கும் உரியவை. ஆயினும் அவற்றின் உயர்படிகளில் காண்பவை பெரும்பாலும் தளபதிகளின் பெயர்களே. ஏனாதி மோதிரத்தின் வழக்கம் இன்னும் மாறவில்லை.

அமெரிக்கத் தரைப்படையில் ஆளணிப் பிரிவினரின் சங்கம் இப்பணிக்கென்றே ஹொரேஷியோ கேட்ஸ் பெயரில் பதக்கம் வழங்குகிறது. 1777இல் சரட்டோகாவில் பிரித்தானியப் படையைச் சரணடையச் செய்த தளபதி அவர். ஆனால் பதக்கம் அவர் பெயரைத் தாங்குவது அந்த வெற்றிக்காக அன்று. 1775இல் அப்படையின் முதல் அட்ஜுடன்ட் ஜெனரலாக அவர் இருந்ததற்காக. பதக்கத்தை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. போரை வென்ற ஒருவரை அவருடைய ஏட்டுப்பணிக்காக நினைவுகூரும் அந்த மனப்பாங்கை எடுத்துக்கொள்ளலாம்.

நாம் வேண்டுவது இரண்டே. ஒன்று, இப்பணிக்கான பாராட்டு அவில்தார் எழுத்தர் வரை இறங்கி வரட்டும். அவர் என்ன செய்தார் என்பதையும் எல்லாருக்கும் விளங்கும் மொழியில் வெளியிடட்டும். மற்றொன்று, தகுதியை மேலிருந்து அளக்காமல் கீழிருந்து அளக்கட்டும். மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. 1949 முதல் திசம்பர் 7 கொடிநாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று நன்கொடை திரட்டுவதோடு நில்லாமல், 'உங்கள் ஏட்டைப் பிழையின்றி வைத்திருந்தவர் யார், உங்கள் மடலுக்கு மறுமொழி எழுதியவர் யார்?' என்று வீரர் குடும்பங்களைக் கேட்கட்டும். கணவனை இழந்த ஒரு பெண், எந்தச் சாளரத்தின் முன்னும் நிற்காமல் அடுத்த மாதமே தனக்குரியதைப் பெற்றாள் என்றால், அதைச் செய்து முடித்தவரின் பெயரை அவள் வாயால் கேட்டு எழுதுவதே தக்க பாராட்டுரை.

வீரனுக்குக் கல் நட்ட மரபு நம்முடையது. கல்லில் எந்தப் பெயரைப் பொறிப்பது என்று சொல்லத் தெரிந்த ஒருவன் அன்று பக்கத்தில் இருந்திருக்கிறான். அவனை மறந்த படைகள், பெயருக்குப் பதிலாக எண்ணைப் பொறித்தன.