நம் கடலில் விழுந்த விண்வெளித் துண்டு



2015 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை. முற்பகல் 11.48 மணி. இலங்கையின் தென்கரைக்கு அப்பால், இந்து சமுத்திரத்துக்கு மேலே, விநாடிக்கு ஏறத்தாழ 11 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு பொருள் வளிமண்டலத்துக்குள் புகுந்து எரிந்து சிதறியது. ஒன்றிரண்டு மீற்றர் நீளம்தான் இருக்கும். அமெரிக்காவின் அரிசோனாவிலிருந்து வானத்தைத் துருவும் கற்றலினா வான் ஆய்வுக் குழு அதை ஒக்டோபர் 3ஆம் திகதியே கண்டுவிட்டது. அதனால் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தக் கடலில் அது விழும் என்பது சில வாரங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. விஞ்ஞானிகள் சிறிய ஜெட் விமானம் ஒன்றில் பறந்துபோய், முகில்களுக்கு மேலே காத்திருந்து அதைப் படம்பிடித்தார்கள். அதற்கு வைத்த பெயர் டபிள்யூ.டி.1190எஃப்.

பெயரில் சுவை இல்லை. அதன் கதை வேறு. 1998 ஜனவரியில் நாசா சந்திரனுக்கு அனுப்பிய ‘லூனார் புரொஸ்பெக்டர்’ விண்கலத்தைச் சந்திரனை நோக்கி உந்திவிட்ட ரொக்கெட் பகுதிதான் அது என்று, பின்னர் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். வேலை முடிந்து கழன்ற அந்தத் துண்டு பதினேழு ஆண்டுகளுக்கு மேல் பூமியை வெகுதூரத்தில் சுற்றி அலைந்து, கடைசியில் நம் கடலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த விண்கலம் ஒரு மனிதரின் அஸ்தியையும் சுமந்து சென்றது. அவர் யூஜின் ஷூமேக்கர். அரிசோனாவிலுள்ள மாபெரும் பள்ளம் எரிமலையால் உண்டானதல்ல, விண்கல் மோதியதால் உண்டானது என்று நிறுவிய புவியியலாளர். சந்திரனுக்குப் போக ஆசைப்பட்டார். உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. 1997இல் அவுஸ்திரேலியாவில் இத்தகைய பள்ளங்களைத் தேடிச் சென்ற பயணத்தில் வீதி விபத்தில் இறந்தார். 1999 ஜூலை 31இல் லூனார் புரொஸ்பெக்டரை வேண்டுமென்றே சந்திரனின் தென்துருவப் பகுதியில் மோதவிட்டார்கள். வாழ்நாள் முழுவதும் மோதல்களை ஆராய்ந்தவரின் சாம்பல் ஒரு மோதலோடு சந்திர மண்ணில் கலந்தது. இதைவிடப் பொருத்தமான இறுதிக் கிரியை ஒரு விஞ்ஞானிக்கு வாய்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

உலகம் அவரை அறிந்தது ஒரு வால்வெள்ளியால். அவரும் மனைவி கரோலினும் நண்பர் டேவிட் லெவியும் 1993 மார்ச்சில் கண்ட அந்த வால்வெள்ளி, வியாழனுக்கு மிக அருகே போனபோது அதன் ஈர்ப்பினால் ஏற்கெனவே துண்டு துண்டாகியிருந்தது. 1994 ஜூலை 16 முதல் 22 வரை இருபதுக்கு மேற்பட்ட துண்டுகள், விநாடிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வியாழனில் விழுந்தன. ஒரு துண்டு விட்ட கரும் தழும்பு பூமியின் அகலம் இருந்தது. சூரிய மண்டலத்தில் இரண்டு பொருள்கள் மோதுவதை மனிதர் முன்கூட்டியே அறிந்து பார்த்தது அதுவே முதல் தடவை. விண்கல் தாக்குவதெல்லாம் டைனோசர் காலத்துக் கதை என்ற எண்ணம் அந்த ஒரு வாரத்தில் பலருக்கும் அற்றுப்போனது.

இவ்விடத்தில் நம் மாவட்டமும் வருகிறது. இலங்கையில் அரை நூற்றாண்டு வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், நம் சிகிரியாக் குன்றை ‘யக்ககல’ என்று பெயர் மாற்றித் தம் ‘த ஃபவுன்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ நாவலில் வைத்தார் என்பதை வாசகர்கள் அறிவீர்கள். அதற்கு முன், 1973இல் வெளியான ‘ரொண்டெவூ வித் ராமா’வில் அவர் வேறொன்றைக் கற்பனை செய்திருந்தார்: வட இத்தாலியில் விண்கல் விழுந்து பேரழிவு நேர்ந்த பிறகு, இனி இப்படி நடக்கக்கூடாது என்று மனிதர் ஏற்படுத்தும் ‘ஸ்பேஸ்கார்ட்’ என்னும் வான்காவல். 1992இல், ஆபத்தான விண்கற்களைத் தேடும் திட்டத்தை வகுத்த நாசாவின் அறிக்கை அதே பெயரைச் சூட்டிக்கொண்டது. கற்றலினா ஆய்வு செய்வதும் அந்தக் காவல் வேலையைத்தான். தேடுவதோடு நிற்கவும் இல்லை. 2022 செப்டெம்பர் 26இல் ‘டார்ட்’ விண்கலம் டைமோர்ஃபோஸ் என்ற சிறுகோளில் மோதி, அதன் சுற்றுக் காலத்தை அரை மணி நேரத்துக்கு மேல் குறைத்துக் காட்டியது.

இனி மிகப் பெரிய மோதல். 25 இலட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள அந்திரொமீடா என்னும் விண்மீன் திரள் நம் பால்வீதியை நோக்கி வருகிறது. நானூறு கோடி ஆண்டுகளில் இரண்டும் மோதுவது உறுதி என்றே 2012இல் சொன்னார்கள். 2025இல் வெளியான கணிப்போ, ஆயிரம் கோடி ஆண்டுகளுக்குள் அது நடக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிதான் என்கிறது. கணக்கை மாற்றியவற்றில் ஒன்று, பால்வீதியின் பக்கத்திலுள்ள பெரிய மகெல்லன் முகிலின் ஈர்ப்பு. மோதினாலும் விண்மீனோடு விண்மீன் முட்டுவது மிக அரிது. அவற்றுக்கிடையிலான வெளி அத்தனை பெரியது.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள நம் உறவினர்களுக்கு அந்த மகெல்லன் முகில் அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. மெல்பேணில் இருப்போருக்கு அந்திரொமீடா வெகு தாழ்வாகவே தெரியும். நாமோ இரண்டையும் ஒரே இரவில், வெறும் கண்ணால் காணலாம். தை அமாவாசையன்று, மழை ஓய்ந்திருந்தால், இரவு எட்டு மணியளவில் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போங்கள். வடமேற்கில் பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்த பெருஞ்சதுரத்தைத் தேடி, அதன் மேல் மூலையிலிருந்து வடக்குப் பக்கமாக நகர்ந்தால் புகைபோல ஒரு சிறு திட்டுத் தெரியும், அதுதான் அந்திரொமீடா. தெற்கே அகத்தியர் நட்சத்திரத்துக்குக் கீழே, சற்று வலப்புறம், மங்கலாக இருப்பது மகெல்லன் முகில்.

முகில் தாழ்வாகவே நிற்கும் என்பதால் தெற்கே மலை மறைக்காத இடம் வேண்டும். றத்தோட்டை, எல்கடுவைத் தோட்டங்களில் இருப்போருக்கு அந்திரொமீடா கிடைத்தாலும் முகிலை மலை மறைத்துவிடக்கூடும். தம்புள்ளை, கலேவெலப் பக்கத்துக் குளக்கட்டுகள் இதற்கு நல்லவை. கைத்தொலைபேசியை அணைத்து வைத்துக் கால் மணி நேரமாவது கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். பார்த்தவற்றை நீங்களோ உங்கள் பிள்ளைகளோ ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினால், அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்